மணலில் இறக்கிய கப்பல்

போன கிழமை ஒரு வாசகர் அழைத்தார். ஆள் திருகோணமலைப் பக்கம். "டீச்சர், உங்கட நாவல்ல சொன்ன இடத்துக்குப் போட் பிடிச்சுப் போய்ப் பார்த்தம். கப்பலும் இல்ல, கத்தரிக்காயும் இல்ல. வெறும் மணல்" என்றார். குரலில் நல்ல சூடு. "ஓம், மணல்தான்" என்றேன். "அப்ப என்னத்துக்கு அப்பிடி எழுதினீங்க?" என்று கேட்டார். "நாவல்தானே தம்பி" என்று சொல்லிப் போனை வைத்தேன்.  அந்த மணலை நான் இன்றைக்கும் மறக்கவில்லை.

அந்த இடத்தை எனக்குச் சொல்லித் தந்தவர் இப்போது இல்லை. இரண்டு வருசமாகிறது. அவருடைய பேரை இங்கே எழுதமாட்டேன். எதைச் சொன்னாலும் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சொல்கிற மனிசன் அவர். அவரைப் பற்றி எழுதுகிற நானும் ஒன்றையாவது வைத்துக்கொள்ள வேண்டாமா.

மாங்கேணியில் அவருக்குப் போட் எஞ்சின் திருத்துகிற வேலை. அதற்கு முதல் சங்கு குளித்தவர், கடலட்டை பிடித்தவர். நான் மட்டக்களப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவள். அந்தக் கரைக்கு வெளியே எந்தக் காலத்திலோ உடைந்து தாழ்ந்த ஒரு பாய்க்கப்பலை வைத்து நாவல் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு விசர் பிடித்திருந்தது. கப்பல் உண்மை. அதன் செங்கல்லும் பீங்கான் துண்டும் வலையில் ஏறி வந்ததைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கீழே போய்க் கண்ணால் கண்டவர் இவர் ஒருவர்தான் மிச்சம் என்று மீன்வாடியில் சொன்னார்கள்.

முதல் நாளே என்னை அலைக்கழித்தார். போனில் வழி கேட்டேன். "கோயிலடியால திரும்புங்க, கிணறு வரும், அதுக்குப் பக்கத்து ஒழுங்கைக்குள்ள வாங்க" என்றார். கிணறு வந்தது. பக்கத்தில் ஒழுங்கை இல்லை. ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு அந்த வெயிலில் அரை மணித்தியாலம் சுற்றினேன். கடைசியில் தேத்தண்ணிக் கடை வாங்கிலில் இருந்து ஒரு கறுத்த, ஒல்லியான ஆள் எழும்பி வந்து, "டீச்சர்தானே, வாங்க" என்றார். அரை மணித்தியாலமும் அங்கே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஒரு திருப்பத்த விட்டிட்டுச் சொன்னீங்களே அண்ணன்" என்று கேட்டேன். கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது.

"விட்டிட்டுத்தான் சொன்னன். ஆள் என்ன மாதிரி எண்டு நான் முதல்ல பாக்கணுமே" என்றார். அதை ஒளிக்கவும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

எஞ்சின் விசயத்திலும் இதே கூத்துத்தான். வேலை முழுக்க முடிந்திருக்கும், ஆனால் ஒரு ஆணியை மட்டும் பூட்டாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். ஒரு நாள் என் முன்னாலேயே பனிச்சங்கேணியிலிருந்து வந்த ஒருவர் சத்தம் போட்டார். "காலையிலயே முடிஞ்சிட்டு எண்டு சொன்னயே, எஞ்சினத் தாவன், போகட்டும்" என்று கத்தினார். இவர் பையைத் தட்டிக் காட்டி, "ஆணி இஞ்ச, எஞ்சின் அங்க. தண்ணியில போட்டு ஒருக்கா ஓட்டிப் பாத்திட்டுத் தாறன். அதுக்கு முதல் கொண்டுபோறதெண்டா கொண்டுபோ" என்றார். அந்த ஆள் வாய்க்கு வந்தபடி ஏசினார். இவர் காது கேட்காதவர் போலப் பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்பு ஓட்டிப் பாராமல் கொடுத்த ஒரு எஞ்சின் வெளிக்கடலில் நின்று, ஒரு தகப்பனும் மகனும் இரண்டு நாள் தண்ணீரில்லாமல் மிதந்தார்கள் என்பதை வேறு யாரோ சொல்லித்தான் அறிந்தேன். அவராகச் சொல்லமாட்டார்.

"சோத்துலயும் கடைசி வாய மிச்சம் வைக்கிற மனிசன் டீச்சர். இருபது வருசமாக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறன், இவரிட மனசுல என்ன கிடக்கெண்டு எனக்கே தெரியா" என்று அவருடைய மனைவி சிரிப்பா. அந்த அக்கா நல்ல வாய்க்காரி. அவர்கள் வீட்டுச் சுவரில் மீசை அரும்பிய ஒரு பொடியனின் படம், பிளாஸ்டிக் மாலையோடு தொங்கும். "என்ட தம்பி. கடல்ல போயிட்டான்" என்று ஒரு தரம் சொன்னா. நான் மேலே கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் மாலை போட்ட படத்தைப் பார்த்து யாரும் காரணம் கேட்பதில்லை. எந்த வீட்டிலும் ஒன்று இருக்கும்.

பத்து மாதம் போனேன், வந்தேன். கப்பலைப் பற்றித் துண்டு துண்டாகத்தான் தந்தார். நங்கூரம் இரண்டு, ஒன்று முறிந்தது. அடியில் பாரத்துக்குப் போட்ட கல் குவியல். கல்லுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு பொந்து, அதற்குள் ஆள் பருமனில் களவா மீன். ஒரு நாள் நீலப்பூப் போட்ட பாதிப் பீங்கானைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். மற்றப் பாதி எங்கே என்று கேட்டேன். "அது கீழ கிடக்கு" என்றார்.

"அடுத்த முறை எடுத்து வாங்களன் அண்ணன்."

"அடுத்த முறை எண்டு ஒண்டு இல்ல டீச்சர். அந்த இடம் அப்பிடி. அங்க நீரோட்டம் ஆளக் கையப் பிடிச்சு இழுக்கிற மாதிரி இழுக்கும்."

அதைச் சொல்லும்போது அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. நான் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவர் முகத்தை அல்ல, நீரோட்டத்தை. அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி.

இடத்தைச் சொல்லத்தான் மனிசன் ஆகலும் இழுத்தடித்தார். கடற்காரர் எல்லாரும் தங்கள் இடத்தை மறைப்பார்கள், அது தெரிந்ததுதான். இவர் இன்னும் ஒரு படி மேலே. போட்டில் யார் ஏறினாலும் முதலில் போனை வாங்கி, மூடி போட்ட ஒரு பெயின்ட் வாளிக்குள் போட்டு இறுக்கிவிடுவார். இடத்தைப் போன் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு அது ஊருக்கெல்லாம் போய்விடும் என்பார். நான் விடவில்லை. என் கதாநாயகன் அந்தக் காலத்துக் குளியாளன், உடைந்த கப்பலை மனதில் குறித்து வைத்துக்கொள்கிறவன், எதை வைத்துக் குறித்தான் என்று நான் எழுதாவிட்டால் கதையே நிற்காது என்று மன்றாடினேன்.

ஒரு பின்னேரம் கரையோரமாகப் போட்டில் ஏற்றிக்கொண்டு போய் அடையாளம் பார்க்கப் பழக்கினார். கரையில் இரண்டு பொருளைப் பிடிக்க வேண்டும், கிட்ட ஒன்று, தூர ஒன்று. இரண்டும் ஒன்றுக்குப் பின் ஒன்று நேராக வந்தால் நாம் ஒரு கோட்டில் நிற்கிறோம். பிறகு வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு. இரண்டு கோடும் வெட்டுகிற இடம்தான் இடம். "குடும்பிமலைக் கொண்டையும் கோயிலடி மருத மரமும் ஒண்டாகணும். வடக்க கடலுக்குள்ள நிக்கிற அந்தக் கல்லும் முனையும் ஒண்டாகணும். அவ்வளவுதான்" என்றார். கேட்டபோது எனக்கு உடம்பு புல்லரித்தது.

"புத்தகத்துல மாத்தி எழுதணும் டீச்சர். வேற மல, வேற கல்லு. சத்தியமா?"

"சத்தியம்" என்று அவர் கையில் அடித்தேன்.

மாற்றவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், மாற்ற நினைக்கவும் இல்லை. சரித்திரம் படிப்பிக்கிற நான் பொய் எழுதுவதா என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது வெறும் பெருமை. புத்தக வெளியீட்டில் மைக்கைப் பிடித்து, "இந்த நாவலில் மனிதர்கள் கற்பனை, ஆனால் கப்பல் கிடக்கிற இடம் அங்குலம் பிசகாத உண்மை" என்று வேறு பேசினேன். கை தட்டினார்கள். முன்வரிசையில் இருந்து எல்லாரிலும் பலமாகத் தட்டியவன் என் தங்கச்சியின் மகன்.

மாங்கேணிக்குப் போய்ப் புத்தகம் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, "கப்பல் உடையிற இடம் நல்லா இரிக்கு டீச்சர். எனக்கே பயந்திட்டு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அடையாளம் எழுதிய பக்கத்தை வாசிக்காமல் தாண்டியிருப்பார் என்று நினைத்து நான் பெருமூச்சு விட்டேன்.

அது கச்சான் காலம். தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காய்ந்த காற்று, பிடி விட்ட எதையும் வெளியே தள்ளிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை பகல் ஒரு மணி இருக்கும், தங்கச்சி அழைத்தாள்.

"அக்கா, மகன் விடிய உன்ட புத்தகத்தையும் தூக்கிக்கிட்டுப் போனான். கூட ரெண்டு பொடியன்கள். போட் ஒண்டும் சிலிண்டரும் எடுத்திருக்கிறாங்களாம். பத்து மணிக்கெல்லாம் வந்திருவன் எண்டான். போன் வேலை செய்யல்ல."

"எங்க போறன் எண்டு சொன்னான்?"

"உன்ட கப்பலப் பாக்க எண்டான். உன்ட புத்தகத்துல வழி இரிக்காமே அக்கா."

ஸ்கூட்டியை எடுத்தேன். ஓட்டமாவடிப் பாலம் தாண்டினது எனக்கு ஞாபகம் இல்லை. கையைப் பிடித்து இழுக்கிற நீரோட்டம் என்று நான் எழுதிய வசனம் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நல்லாயிருக்கிறது என்று எத்தனை பேர் சொன்ன வசனம். அதை எழுதின கையை முறிக்க வேண்டும் போல இருந்தது.

அவர் பட்டறையில் எஞ்சினுக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். நான் ஸ்கூட்டியை நிறுத்தவும் இல்லை, விழுத்திவிட்டு ஓடினேன்.

"அண்ணன், என்ட தங்கச்சிட மகன் கப்பலுக்குப் போயிட்டான். நான் இடத்த மாத்தல்ல அண்ணன். நீங்க சொன்னபடியே எழுதிட்டன்."

அவர் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "தெரியும். வாசிச்சன்" என்றார். பிறகு எழும்பி, மருத மரத்தின் உச்சியைப் பார்த்துக் காற்றைக் கணித்தார். பெற்றோல் ஊற்றினார். தண்ணீர்ப் போத்தல் நிரப்பினார். பட்டறைக்குள் போய்த் தார்ப்பாய்ப் படங்கு ஒன்றை மடித்து எடுத்து வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அங்க பிள்ளை சாகிறான், நீங்க படங்கு மடிக்கிறீங்க. உங்களுக்கு நெஞ்சு இரிக்கா?"

"உங்கட போன வாளிக்குள்ள போடுங்க டீச்சர்" என்றார்.

அந்த நேரத்திலும் வாளி. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எறிந்தேன். மூடியை இறுக்கிவிட்டுப் போட்டைத் தள்ளினார்.

 போகும்போது ஆழம் எத்தனை பாகம், எத்தனை ஆள் தாழும் என்று கேட்டேன். எஞ்சினைக் கூட்டினார். ஒரு சிலிண்டர் காற்று எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேட்டேன். இன்னும் கூட்டினார். நான் கரையைத் திரும்பிப் பார்த்தேன். பழக்கின பழக்கம் தானாக வந்தது. குடும்பிமலைக் கொண்டை மருத மரத்துக்கு நேராக வந்துவிட்டது. வடக்கே கல் முனையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. ஒன்றாகப் போகிறது, ஒன்றாகப் போகிறது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கல்லும் முனையும் சேர்ந்தபோது கீழே பார்த்தேன். கருநீலமாக இருக்கும் என்று நினைத்த தண்ணீர் இளம் பச்சையாகக் கிடந்தது. அடியில் மணல் வரிவரியாகத் தெரிந்தது.

முன்னால் ஒரு போட் நங்கூரத்தில் ஆடிக்கொண்டு நின்றது. அதில் இரண்டு தலை.

நான் எண்ணிப் பார்த்தேன். திரும்பவும் எண்ணினேன். இரண்டுதான். இரண்டிலும் அவன் இல்லை.

எஞ்சின் பழுதாகிவிட்டதாம். அவன் கடைசியாக ஒரு தரம் பார்க்கிறேன் என்று இறங்கி ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டதாம். தூரத்தில் மேலே வந்து கை காட்டினானாம், பிறகு காணவில்லையாம். இரண்டு பேரும் மாறி மாறி அழுதுகொண்டு சொன்னார்கள்.  போட் விளிம்பைப் பிடித்தபடி கடவுளே கடவுளே என்று அரற்றிக்கொண்டிருந்தேன்.

அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "காத்தோடயா போனான்?"

"ஓம்" என்றார்கள்.

எஞ்சினைத் திருப்பி நேரே வெளிக்கடல் பக்கம் விட்டார். மணல் முடிகிற இடத்தில் கரைக்குச் சமாந்தரமாக ஒரு நீளமான வலை போட்டுக் கிடந்தது. கொடி கட்டின மிதப்புகள் வரிசையாக நின்றன. எழும்பி நின்று கண்ணுக்கு மேலே கையை வைத்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. "அஞ்சாவது கொடி சரிஞ்சிரிக்கு" என்றார்.

அவன் அந்த மிதப்பைக் குழந்தையைக் கட்டிப்பிடித்த மாதிரிக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். உதடு வெடித்திருந்தது. கண் சிவந்திருந்தது. இரண்டு பேருமாகத் தூக்கிப் போட்டோம். மூச்சு வந்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "பெரியம்மா, அங்க கப்பல் இல்ல." நான் விட்டேன் ஒரு அறை. பிறகு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவனும் அழுதான்.

அழுது முடிந்த பிறகுதான் எனக்கு விசயம் விளங்கத் தொடங்கியது. அவர் வலை மிதப்பை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"பொய்யா சொன்னீங்க அண்ணன்?"

"ஓம்."

"எனக்குமா?"

"கேட்ட எல்லாருக்கும் இந்த மணலத்தான் சொல்றது" என்றார். "மூணு பாகத்துக்கு மேல தண்ணி இல்ல. நங்கூரம் பிடிக்கும். கச்சான் இழுத்தாலும் இந்த வல பிடிக்கும். வலக்காரன் பின்னேரம் நாலு மணிக்கு இழுக்க வருவான். இஞ்ச ஒருத்தரும் சாக மாட்டாங்க டீச்சர். நல்லாப் பாத்துத்தான் எடுத்து வச்சன் இந்த இடத்த."

"நான் சத்தியம் பண்ணினனே. மாத்தி எழுதுவன் எண்டு."

அவர் என்னைப் பார்த்தார். கோபமில்லாத பார்வை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

"நீங்க மாத்த மாட்டீங்க எண்டு அண்டைக்கே தெரியும். கையில அடிக்கக்குள்ள உங்கட கண் கடலத்தான் பாத்திச்சு."

 ஊர்ப்பிள்ளைகளுக்கு வாய்மையைப் பற்றி வகுப்பெடுக்கிறவள் நான்.

பொடியன்களின் போட்டுக்குத் திரும்பிப் போய், அதைக் கயிற்றில் கட்டி, மற்ற இரண்டு பேரையும் எங்கள் போட்டில் ஏற்றினார். "காத்து மாறுது. வெளியால சுத்தித்தான் கரைக்குப் போகணும். வெயிலுக்குள்ள இரிக்காதீங்க, எல்லாரும் படுங்க" என்றார். தண்ணீர் கொடுத்தார். மூன்று பேரும் போட்டின் அடியில் படுத்ததும் படங்கை விரித்துத் தலையும் காலும் வெளியே தெரியாமல் மூடி, ஓரங்களில் கட்டையை வைத்தார். களைப்பில் அவர்கள் அப்படியே உறங்கிப்போனார்கள். காற்று மாறவில்லை என்பதைக் கொடிகளைப் பார்த்து நானும் கண்டேன். ஆனால் எதையும் கேட்கிற நிலையில் நான் இல்லை.

கொஞ்ச நேரம் ஓடியது. பச்சைத் தண்ணீர் போய் நீலம் வந்தது, பிறகு கருநீலம். போட்டின் ஓட்டம் மாறியதை உடம்பு உணர்ந்தது, அடியில் ஏதோ பலமாக ஒரு பக்கம் இழுத்தது. அவர் எஞ்சினை நிறுத்தினார். போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து, குனிந்து, ஒரு ஆளுக்குக் குடிக்கக் கொடுப்பது போல மெதுவாகக் கடலில் ஊற்றினார்.

"மச்சான்" என்றார் தண்ணீரைப் பார்த்து. "இண்டைக்கு மூணு பேர் வந்தாங்கடா. ஒண்டுமில்ல, திருப்பிக் கூட்டிக்கிட்டுப் போறன்."

சுவரில் மாலையோடு தொங்குகிற அந்தப் பொடியன். அக்காவின் தம்பி, இவருடைய மச்சான். அடுத்த முறை என்று ஒன்று இல்லை என்று சொன்னபோது இவர் முகம் போன போக்கு. எல்லாம் ஒன்றாக வந்து என் நெஞ்சில் இடித்தது. நாங்கள் கப்பலுக்கு மேலே நின்றோம். பத்து மாதம் நான் இந்த மனிசனை அரித்தெடுத்துக் கேட்ட இடம் இதுதான்.

பொடியன்களுக்குப் படங்கு போட்டவர் எனக்கு ஒன்றும் போடவில்லை. குனியுங்கள் என்று சொல்லவும் இல்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

என் தலை தானாக நிமிர்ந்தது. கண் கரையைத் தேடிப் போனது. குடும்பிமலை தெரிந்தது. அதற்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பார்க்க ஒரு கணம் போதும், அவரே பழக்கிவிட்ட வேலை. நான் கண்ணை இறுக்கி மூடினேன். மூடினது போதாதென்று முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டேன்.

எஞ்சின் இழுபட்டது. போட் திரும்பியது. முதுகில் வெயில் மாறி முகத்துப் பக்கம் வந்தது. நெடுநேரம் ஓடினோம். அடியில் இழுத்த இழுப்பு மெல்ல மெல்ல விட்டுப்போனது.

"இப்பத் திறக்கலாம் டீச்சர்" என்றார்.

நான் திறக்கவில்லை. இன்னும் கொஞ்சத் தூரம் போகட்டும் என்று அப்படியே இருந்தேன்.